காய்ந்த பலகை

தரைக்கு என்ன போடுவது என்பதெல்லாம் ஒரு குடும்பம் சண்டை போடுகிற விஷயமா என்று கேட்பவர்கள், ஐம்பத்தேழாம் வருஷம் ஜூலை மாதம், மலாய் நாட்டில் காஜா பெராங் என்ற பேட்டையில் மாணிக்கவாசகத்தின் மாடி வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். மூன்று மாலைகள், மூன்று பேர், பதினோரு மாதிரித் துண்டுகள். ஒருவருக்குப் பிடித்தது மற்ற இருவருக்கும் பிடிக்கவில்லை. நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்து, துண்டுகளைப் பரப்புவதும் மறுபடி சுருட்டிக் கட்டுவதுமாக இருந்தான் சேதுராமன்.

சேதுராமனுக்கு இருபத்தேழு வயது. பெற்றவர்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அவன் மட்டும் டவுனுக்கு வந்து, ஒரு சீன முதலாளியின், அதாவது தவுக்கேயின், வீட்டுச் சாமான் கடையில் மூட்டை தூக்கினான். பிறகு திரைச்சீலை மாட்டினான். அப்புறம் தரைவேலை கற்றுக்கொண்டான். ஒரு வீட்டைத் தானே அளந்து, தானே பேசி, தானே முடித்துக் கொடுக்கும் அளவுக்கு அந்த வருஷம்தான் உயர்ந்திருந்தான். தவுக்கே ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒரு வீட்டு வேலை கெட்டுப்போனதாகக் காதில் விழுந்தாலும் சரி, மறுநாளே மூட்டை தூக்கப் போய்விட வேண்டும். சேதுராமன் தலையை ஆட்டியிருந்தான். அதன் அர்த்தம் அவன் மனைவி அஞ்சலைக்குத்தான் அவனைவிட நன்றாகப் புரிந்திருந்தது.

மாணிக்கவாசகம் அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அவருடைய வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குக் கப்பலேறப் போகிறார். அந்த நாற்காலிக்கு வரப்போகிற மலாய் அதிகாரியை வேறு யாரும் அழைப்பதற்கு முன்னால் தன் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்துவிட வேண்டும் என்று அவர் துடித்துக்கொண்டிருந்தார். நாடு சுதந்திரம் வாங்க ஐந்து வாரம் இருந்தது. அவருக்கோ கூடத்துத் தரைதான் கவலை. சாயம் போன பழைய பலகைகள், நடுவில் குழிந்து ஓரத்தில் தூக்கி, விரல் நுழைகிற இடுக்குகளோடு கிடந்தன. அந்த இடுக்குகள் வழியாக வெள்ளிக்கிழமை தோறும் கீழே மழை பெய்தது.

மழை பெய்வித்தவள் அவருடைய மனைவி சந்திரமதி. வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் கரைத்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக் கூடத்தைக் கழுவி, சாமி படங்களுக்கு விளக்கேற்றினால்தான் அவளுக்கு வாரம் முடியும். கீழே சைக்கிள் கடை வைத்திருந்த சீனர் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு சைக்கிள்களை ஐந்தடி நடைபாதைக்குத் தள்ளி வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். நனைகிறவருக்கு இல்லாத கோபம் மாணிக்கவாசகத்துக்கு இருந்தது. அதிகாரி வருகிற அன்று இந்த அசிங்கத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்டார். அதிகாரி வருவது ஞாயிற்றுக்கிழமை, கழுவுவது வெள்ளிக்கிழமை என்று சந்திரமதி ஒருமுறைகூடப் பதில் சொல்லவில்லை.

வினைல் என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. ஊரில் எல்லோரும் அதை ரப்பர் பாய் என்றுதான் சொன்னார்கள். சுருளாகவும் கிடைத்தது, ஓரடிச் சதுரங்களாகவும் கிடைத்தது. மாணிக்கவாசகத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமான சதுரங்கள்தான் வேண்டும்; அவருடைய அதிகாரியின் அறையில் அதுதான் இருந்தது. கூடவே இருக்கும் அவருடைய விதவை அக்கா பொன்னம்மாவுக்கு, சிவப்பில் பூப்போட்ட சுருள். மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம். சந்திரமதி நிறத்தைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. இதில் எதற்குத் தண்ணீர் ஆகும் என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குச் சேதுராமன் நேர்மையாகத்தான் பதில் சொன்னான். வினைலுக்குத் தண்ணீர் எதுவும் செய்யாது. அதற்கு அடியில் போடுகிற பலகைக்குத்தான் ஆகாது என்றான். குழிந்த பழைய பலகை மேல் வினைலை நேரே ஒட்டினால் ஆறே மாதத்தில் அடியில் இருக்கிற மேடு பள்ளமெல்லாம் மேலே தெரிந்துவிடும். அதனால் மரக்கூழை அழுத்திச் செய்த ஹார்ட்போர்டைப் பரப்பி ஆணி அடித்து, அதன் மேல்தான் ஒட்ட வேண்டும். சதுரம் போட்டால் அடிக்கு அடி இணைப்பு, ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீர் இறங்கும். சுருள் போட்டால் கூடத்துக்கு ஒரே ஒரு இணைப்புதான். கழுவுகிற வீடு என்றால் சுருள் போடுங்கள் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தான். சந்திரமதியின் முகம் தெளிந்திருந்தது. மாணிக்கவாசகத்தின் முகம் கடுத்திருந்தது.

கடைசியில் கறுப்பு வெள்ளைச் சதுரம்தான் என்று முடிவானது. அது முடிவாகத்தான் போகிறது என்று மூன்று நாள் முன்னாலேயே எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஜனநாயகம் வரப்போகிற காலம், பேசித்தானே ஆக வேண்டும். சந்திரமதி கொஞ்ச நேரம் மாதிரித் துண்டைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு, இனிமேல் தான் தண்ணீர் ஊற்றப் போவதில்லை, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்துக்கொள்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் ஒன்பது வருஷத்துப் பழக்கத்தை அவள் அந்த இடத்திலேயே விட்டுக்கொடுத்தாள் என்பது சேதுராமனுக்கே புரிந்தது.

இனிச் சேதுராமன் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஹார்ட்போர்டுக்குத் தண்ணீர் ஆகாது என்பது உண்மை. ஆனால் ஆணி அடிப்பதற்கு முன்னால் மட்டும் அதற்குத் தண்ணீர் காட்டியே ஆக வேண்டும். சொரசொரப்பான பின்பக்கத்தில் தண்ணீர் தெளித்து, முதுகோடு முதுகு சேர்த்து அடுக்கி, இரண்டு ராத்திரி அப்படியே விட வேண்டும். தகரக் கூரைக் கிடங்கில் கிடந்து சுக்காகக் காய்ந்து வருகிற பலகை, அப்படி ஈரம் குடித்து முதலிலேயே கொஞ்சம் விரிந்துகொள்ளும். அடித்த பிறகு காய்ந்து விறைப்பாகப் படுத்துவிடும். காய்ந்ததைக் காய்ந்தபடியே அடித்தாலோ, மழைக்காலத்துக் காற்றில் இருக்கிற ஈரத்தையே குடித்துப் பின்னால் விரியும். நாலா பக்கமும் ஆணி, நகர இடமில்லை, மேலே எழும்பும். வேலை கற்றுக்கொடுத்தவர் முதல் நாளே சொன்ன பாடம் இது. சேதுராமன் அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

பலகை வந்து இறங்கிய அன்று சாயங்காலம் அவன் அஞ்சலையைப் படத்துக்கு அழைத்துப் போனான். ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து தெளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். வந்ததும் தூக்கம் வந்தது. மறுநாள் வேறொரு வீட்டில் திரைச்சீலை வேலை. அதற்கு மறுநாள் மாணிக்கவாசகத்தின் வீட்டில் தொடங்கியாக வேண்டும். வெயில் காலம்தானே, ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பலகையை வண்டியில் ஏற்றினான். இதற்கெல்லாம் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. சோம்பல்தான்.

வேலை கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்தது. கோடு பிசகாமல் கறுப்பும் வெள்ளையும் ஓடின. அதிகாரி வந்து தேநீர் குடித்தார். தரையைக் குனிந்து பார்த்து, யார் போட்டது என்று விசாரித்தார். அந்த ஒரு விசாரிப்பில் மாணிக்கவாசகம் ஒரு சாண் வளர்ந்துவிட்டார். சந்திரமதி சொன்ன சொல் தவறாமல், வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து, சொட்டுக்கூட விழாமல் பிழிந்து, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து துடைத்தாள். மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள் வந்தது. தெருவெல்லாம் புதுக்கொடி பறந்தது. செப்டம்பரில் மழை பிடித்துக்கொண்டது.

இரண்டாவது வாரம் மாணிக்கவாசகத்தின் வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. சேதுராமன் போய்ப் பார்த்தபோது கூடத்தின் நடுவில், இணைப்பு நெடுகத் தரை எழும்பி நின்றது. இரண்டு சதுரங்கள் பசை விட்டுத் தூக்கியிருந்தன. பொன்னம்மா அதில் தடுக்கி விழுந்து, கால் கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சேதுராமன் மேட்டை மெல்ல மிதித்துப் பார்த்தான். உள்ளே காற்று இருக்கிற சத்தம் கேட்டது. வேறு எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அஞ்சலையோடு பார்த்த அந்தப் படத்தில் வந்த ஒரு பாட்டு ஏனோ அவன் காதில் ஓடியது.

என்ன இது என்று மாணிக்கவாசகம் கேட்டார். சேதுராமனுக்கு அந்தக் கணத்தில் மூட்டைகள் ஞாபகம் வந்தன. சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னதல்ல அது. வாய் தானாகச் சொன்னது.

“தண்ணி எறங்கியிருக்கும் போல இருக்குங்கய்யா.”

மாணிக்கவாசகம் மனைவி பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு அங்கே சேதுராமனைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒன்பது வருஷத்து வெள்ளிக்கிழமைகளும் வெளியே வந்தன. நான் ஊற்றவில்லை, பிழிந்துதான் துடைத்தேன் என்று சந்திரமதி சொல்லச் சொல்ல, அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. யாருக்கும் தெரியாமல் விடிகாலையில் ஊற்றியிருப்பாள், பழக்கம் விடுமா என்று பொன்னம்மா நாற்காலியில் இருந்தபடியே எடுத்துக் கொடுத்தார். வேலைக்காரன் சொல்கிறானே, அவன் என்ன பொய்யா சொல்வான் என்று மாணிக்கவாசகம் கேட்டார். சேதுராமன் ஆணிப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சந்திரமதி உள்ளே போய் ஒரு தட்டில் சூடம் கொளுத்தி எடுத்து வந்து, மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

“இந்தத் தரையில நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. ஊத்தியிருந்தா ஆத்தா எம்பிள்ளைய கேக்கட்டும்.”

சொல்லிவிட்டு எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் சனங்களிடம் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. பொன்னம்மாவே கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு சந்திரமதியின் ஐந்து வயது மகள் விஜயா நின்றாள். அந்தப் பிள்ளையின் தலைமேல்தான் தாய் ஆணையிட்டிருக்கிறாள். சேதுராமன் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். தெரிந்தும் திறக்கவில்லை. நாளைக்கு வந்து சதுரத்தைப் பெயர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் போனான். மாணிக்கவாசகம் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தார். பிள்ளை தூங்கியது. சந்திரமதி வந்து, குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டு, பெயர்த்துப் பார் தம்பி, உன் வாயாலேயே அவரிடம் சொல்லிவிடு என்று சொல்லிப் போனாள். அவள் குரலில் பயமே இல்லை. வலது கையில் எண்ணெய் தடவியிருந்தாள்.

சேதுராமன் சதுரங்களை நெம்பி எடுத்தான். ஆணிகளைப் பிடுங்கி, பலகையின் ஓரத்தைத் தூக்கினான். அடியில் கையை விட்டான். காய்ந்திருந்தது. மரத்தூள் விரலில் ஒட்டியது. பழைய பலகையின் இடுக்குகளில்கூட ஈரத்தின் சுவடு இல்லை. இப்போது மாணிக்கவாசகம் வந்து குனிந்தால், தண்ணீரும் இல்லை, சந்திரமதியின் மேல் தவறும் இல்லை. அப்படியென்றால் வேறென்ன என்று கேட்பார். கேட்டால் தவுக்கேயிடம் போவார். சொம்பு கையெட்டும் தூரத்தில் இருந்தது.

ஊற்றினான். பலகையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம், பழைய பலகை மேல் கொஞ்சம். கையால் தேய்த்துப் பரப்பினான். சொம்பில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சமிருந்தது; அதைக் குடித்தான்.

மாணிக்கவாசகம் வந்து பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டினார். பொன்னம்மா நொண்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஐயோ, பிள்ளை மேல் அல்லவா சத்தியம் செய்தாய் என்றார். சந்திரமதி மண்டியிட்டு அந்த ஈரத்தைத் தொட்டாள். விரலை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். மறுபடி தொட்டாள். சேதுராமன் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் அப்படியே உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஊத்துன ஞாபகமே இல்லையே,” என்றாள்.

புதுப்பலகை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன், அன்று மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. வயிற்றுக்கு என்ன என்று அஞ்சலை கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். தண்ணீர் கொடு என்று கேட்க மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை. தானே எழுந்து போய் மொண்டு குடித்தான். பத்து நாள் அப்படியே ஓடியது. புதுப்பலகைக்கு இந்த முறை மூன்று ராத்திரி தண்ணீர் காட்டினான். தானே குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாகத் தெளித்தான். அப்படித் தெளித்துத் தன் மனதை நனைத்துக்கொள்ளப் பார்த்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. அது நனையவில்லை.

பலகையோடு அவன் போனபோது படியின் மேலே வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. மாணிக்கவாசகம் பாதிப் படி இறங்கி வந்து தடுத்தார். விஜயாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்றார். முகம் சவரம் செய்யாமல் வாடியிருந்தது. அவராகவே நின்று பேசினார். பொய்ச் சத்தியம் செய்ததால்தான் ஆத்தா பிள்ளை மேல் இறங்கிவிட்டாள் என்று சந்திரமதி ஒரே பிடியாக இருக்கிறாளாம். ஒருவேளைச் சோறுதானாம். விடிகாலையில் ஈரப்புடவையோடு மாரியம்மன் கோயிலைச் சுற்றுகிறாளாம். தான் எப்போது தண்ணீர் ஊற்றினோம் என்று யோசித்து யோசித்து, தூக்கத்தில் நடந்து போய் ஊற்றியிருப்போமோ என்று தன் காலையே கட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுக்கிறாளாம்.

சேதுராமன் பலகைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினான். ஒரு பலகை நழுவி முனை நொறுங்கியது. அம்மை யாருக்கும் வரும். அந்த மாதம் காஜா பெராங்கிலேயே ஆறேழு பிள்ளைகளுக்குப் போட்டிருந்தது. இதை அவனும் அறிவான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், தாய் காலம் முழுக்கத் தன் கையால் கொன்றதாகத்தான் நினைப்பாள். நினைக்க வைத்தது அவனுடைய ஒரு சொம்புத் தண்ணீர். மூட்டைக்குப் பயந்து நான் ஒரு பொம்பளையின் புத்தியையே பேதலிக்க வைத்துவிட்டேன் என்று வண்டி தள்ளிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னான். எதிரே வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போய், மாணிக்கவாசகத்தை வராந்தாவுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். படத்துக்குப் போனது, பலகைக்குத் தண்ணீர் காட்டாதது, சொம்பு எல்லாவற்றையும். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராகத்தான் வைத்திருந்தான். மாணிக்கவாசகத்தின் முகம் கறுத்தது. கை ஓங்கக்கூட வந்தது. அப்புறம் அவர் வராந்தாவின் இரண்டு பக்கமும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தார். புது அதிகாரி தன் வீட்டுக்கும் இதே தரை வேண்டும் என்று கேட்டிருந்தார்; அதற்கு இவர்தான் சேதுராமனின் பெயரைக் கொடுத்திருந்தார். இந்தத் தில்லுமுல்லு வெளியே வந்தால் யாருக்கு அவமானம் என்று அவர் சேதுராமனையே கேட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“வீட்டுல நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காதே. ஒங்க தவுக்கேக்கும் தெரிய வேணாம்.”

இதைவிட நல்ல தீர்ப்பு எந்தக் குற்றவாளிக்குக் கிடைக்கும்? சொல்லியும் ஆயிற்று, வேலையும் போகவில்லை, அந்த அம்மாவுக்கும் இன்று மாலை தெரிந்துவிடும். அன்று ராத்திரி சேதுராமன் இரண்டாம் முறை சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டான். மீன் குழம்பு ருசியாக இருந்தது. பின்னால் எல்லாவற்றையும்விட அந்தச் சாப்பாட்டை நினைத்துத்தான் அவன் அதிகமாகக் கூசினான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வழியாகப் போனவனைச் சைக்கிள் கடைச் சீனர் கூப்பிட்டார். மேல்வீட்டுப் பிள்ளைக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று மலாயில் விசாரித்தார். அந்த அம்மா இன்றைக்கும் விடியாத நேரத்தில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நடுங்கிக்கொண்டே கோயிலுக்குப் போனாள், நீயாவது சொல்லக்கூடாதா, இப்படியே போனால் பிள்ளைக்கு முன்னால் தாய்தான் படுக்கையில் விழுவாள் என்றார். சேதுராமன் விரல் விட்டு எண்ணினான். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலு நாளில் மாணிக்கவாசகத்துக்குப் பக்குவம் கைகூடவில்லை.

படியேறினான். அம்மை போட்ட வீடு, உள்ளே போகக் கூடாது. வேப்பிலைக்கு இந்தப் பக்கம் மேல்படியிலேயே நின்று கூப்பிட்டான். சந்திரமதி வந்தாள். விடிகாலையில் நனைத்த புடவை இன்னும் மாற்றாமல் உடம்போடு ஒட்டியிருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. பிள்ளை தூங்குகிறாள் தம்பி, தரையை அப்புறம் பார்க்கலாம் என்று மெல்லச் சொன்னாள். அவள் அவனிடம் இன்னும் மரியாதையாகத்தான் பேசினாள். எப்படி ஆரம்பிப்பது என்று படியேறும்போது கட்டி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன.

“அக்கா, பலகையில தண்ணியே இல்ல. காஞ்சிதான் இருந்துச்சு. நீங்க குடிக்கக் குடுத்த தண்ணிய நான்தான் ஊத்துனேன். வேலையில தப்பு பண்ணது நான். நீங்க செஞ்ச சத்தியம் நெசம்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. இன்னொரு தரம் சொல்லு என்றாள். சொன்னான். இந்த முறை படத்துக்குப் போனது முதல் சொன்னான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப் போகிறாள், செருப்பை எடுக்கப் போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்தான். அவள் அழுதாள். அழுதுகொண்டே அவனைப் பார்த்து, சூடம் சுட்ட வடு மாறாத கையையும் மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

“நல்லா இருப்ப தம்பி. வந்து சொல்லணும்னு ஒனக்குத் தோணுச்சே, அது போதும். எம்பிள்ள பொழச்சிக்கும்.”

உள்ளே திரும்பி, தூங்குகிற பிள்ளையிடம், அம்மா பொய் சொல்லவில்லை என்று இரண்டு முறை சொன்னாள். சேதுராமனுக்குத் தாங்கவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். தான் பிடுங்கிய ஒன்றைத் தானே திருப்பிக் கொடுத்ததற்கு ஒருத்தி கையெடுத்துக் கும்பிடுகிறாள். அதை வாங்கிக்கொள்ள அவனிடம் இடமில்லை. விடுங்கக்கா, கும்பிடாதீங்க என்று முணுமுணுத்தான்.

சந்திரமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் பழைய தெளிவு கொஞ்சம் திரும்பியிருந்தது. குரலும் தெம்பாக வந்தது.

“ஐயாகிட்டயும் நீயே ஒரு வார்த்த சொல்லிடு தம்பி. அவரும் பாவம், எங்கூட சேந்து தூங்காம கெடக்குறாரு. தலமுடிய எறக்கிடவான்னு நேத்துக் கேட்டேன். ஒன் மனசுக்குச் சரின்னு பட்டா செய்யின்னாரு. அவருக்கும் ஆறுதலா இருக்கும்.”

சொல்லிவிடுகிறேன் அக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படியிறங்கிவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதுவும் முன்னைப் போலவே வழுக்கிக்கொண்டு, சுலபமாக, தானாக வருகிற வார்த்தை. சேதுராமன் பல்லைக் கடித்தான்.

“சொல்லிட்டேங்கக்கா,” என்றான்.

“சொல்லிட்டியா? எப்போ?”

“திங்கக்கெழம.”

அவள் முகத்தில் இருந்த தெளிவு உடனே போய்விடவில்லை. கொஞ்ச நேரம் அது அங்கேயே, என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தது. பிறகு அவள் ஈரப்புடவையோடு மேல்படியில் உட்கார்ந்தாள். அவனை அவள் பார்க்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே தெரிந்த தெருவைப் பார்த்தாள்.

“புதங்கெழம எங்கூட கோயிலுக்கு வந்தாரே,” என்றாள்.

சேதுராமன் இரண்டு படி கீழே இறங்கி நின்றான். சொன்னதைத் திரும்ப அள்ளிக்கொள்ள முடியுமா என்று பார்ப்பவன் போலக் கையை நீட்டி, பின்னால் இழுத்துக்கொண்டான். முதல் தரம் பொய் சொல்லி இந்த வீட்டில் ஒரு ஆளைச் சாய்த்தான். இப்போது உண்மையைச் சொல்லியும் அதே ஆளைத்தான் சாய்த்திருக்கிறான். போகலாமா என்றும் தெரியவில்லை, நிற்கலாமா என்றும் தெரியவில்லை.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாணிக்கவாசகம். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.